ஜட்ஜின் வால்

வால் ஆடவில்லை.

ஓவியர் தூரிகையைத் தண்ணீர்க் குவளையில் போட்டுவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஜன்னலுக்குக் கீழே, இரும்பு பீரோவை ஒட்டிப் படுத்திருந்த நாய் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"முடிச்சுட்டேன்டா. என்ன சொல்றே?"

நாய் கொட்டாவி விட்டது. பிறகு மோவாயை முன்னங்கால்களின் மேல் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டது. வால் மட்டும் பீரோவின் ஓரமாக, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கயிறு மாதிரி கிடந்தது.

அந்த வீட்டில் ஒரு படம் முடிந்ததா இல்லையா என்று முடிவு செய்வது அந்த வால்தான். ஓவியருக்கு வரையத் தெரியும். எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஒரு மரம் வரைந்தால் அதில் ஒரு குருவி, குருவிக்கு ஒரு கூடு, கூட்டுக்குள் முட்டை, முட்டையை எட்டிப் பார்க்க ஒரு அணில் என்று போய்க்கொண்டே இருப்பார். கடைசியில் மரம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இந்த வியாதிக்கு மருந்தாக வந்ததுதான் நாய். படம் சரியாக அமைந்த அந்தக் கணத்தில் அதன் வால் பீரோவில் மோதும். டங், டங், டங். உடனே ஓவியர் ஓரத்தில் கையெழுத்தைப் போட்டுவிடுவார். அந்த வாலுக்குப் பணிந்து நிறுத்திய படங்கள்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன.

நாய்க்கு முதலில் வேறு ஏதோ பெயர் இருந்தது. இப்போது எல்லோருக்கும் அது ஜட்ஜ். சாப்பாட்டுக்கும் உலாவப் போவதற்கும் வால் ஆடுவது அதன் சொந்த விஷயம். பீரோ பக்கத்தில் படுத்திருக்கும்போது ஆடுவது உத்தியோகம்.

ஒருமுறை வீட்டுக்கு வந்த பதிப்பாளர் அம்மாள் இதைக் கேட்டு நம்பாமல் சிரித்தார். "சார், அது இருக்கற இடத்திலிருந்து படமே தெரியாதே? உங்களைத்தானே பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கு?"

"படத்தை எதுக்குங்க பார்க்கணும்? என் மூஞ்சியைப் பார்த்தாலே அதுக்குத் தெரிஞ்சுடும். பழகின நாய்," என்றார் ஓவியர்.

அப்படிப்பட்ட நாய்தான் இந்தத் திங்கட்கிழமை காலையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

மேசை மேல் இருந்தது ஒரு குழந்தைகள் புத்தகத்தின் கடைசிப் படம். கதை முழுக்க வீட்டை விட்டுக் கோபித்துக்கொண்டு சுற்றிய சிறுமி மழையில் நனைந்தபடி திரும்பி வருகிறாள். வாசல் கதவு கொஞ்சமாகத் திறந்திருக்கிறது. ஈரமான படிக்கட்டில் ஒரு கீற்று வெளிச்சம். அவ்வளவுதான் படம்.

கதையும் அவருடையது, படங்களும் அவருடையவை. இத்தனை வருடம் அடுத்தவர் எழுதிய கதைகளுக்குப் படம் போட்டவருக்கு இதுதான் சொந்தமாக முதல் புத்தகம். அட்டையில் ஒரே பெயர். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

தொலைபேசி அடித்தது.

"சார், கடைசிப் பக்கம் என்னாச்சு?" என்றார் பதிப்பாளர்.

"முடிஞ்ச மாதிரிதான்."

"முடிஞ்ச மாதிரின்னா?"

"ஜட்ஜ் இன்னும் ஒத்துக்கலை."

"சார், வெள்ளிக்கிழமை காலையில படம் என் மேசையில இல்லைன்னா, அந்த ஒரு பக்கத்தை மட்டும் சுருள்முடிகிட்ட கொடுத்துடுவேன். அவர் சாயங்காலமே வரைஞ்சு கொடுத்துடுவார். எனக்கு வேற வழியில்லை."

சுருள்முடி என்பவர் இன்னொரு ஓவியர். வேகமானவர். அவர் வரையும் குழந்தைகளுக்கெல்லாம் ஒரே கன்னம். தன் சிறுமி கடைசிப் பக்கத்தில் அந்தக் கன்னத்தோடு வீட்டுக்கு வந்து சேர்வதை ஓவியரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அவர் படத்தை உற்றுப் பார்த்தார். ஜட்ஜ் காரணம் இல்லாமல் மறுக்காது. ஏதோ குறைகிறது. மழையில் வரும் பெண்ணுக்குக் குடை இல்லையே!

படத்தைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் செருகிவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

மதியத்துக்குள் சிறுமிக்குக் குடை வந்துவிட்டது. வால் ஆடவில்லை. குட்டையில் ஒரு தவளை வந்தது. வால் ஆடவில்லை. தெருவிளக்கு வந்தது. அதன் மேல் இரண்டு காகங்கள் வந்து உட்கார்ந்தன. ஜட்ஜ் எழுந்து, ஒருமுறை தன்னைத்தானே சுற்றி, ஓவியருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தது.

அன்று அறை என்னவோ அமைதியாகத்தான் இருந்தது. போன சனிக்கிழமைதான் தச்சரை வரவழைத்து அறைக் கதவுக்கு ஸ்பிரிங் போட்டிருந்தார். அதுவரை சமையலறையில் மிக்சி சத்தம், மனைவி தன் தங்கையோடு போனில் பேசும் சத்தம், இதெல்லாம் உள்ளே வந்துகொண்டிருந்தது. புத்தகம் முடிகிற நேரத்தில் கவனம் சிதறக் கூடாது என்று நினைத்தார். இப்போது கதவை யார் திறந்தாலும் அது தானே போய் 'டொப்'பென்று சாத்திக்கொள்ளும்.

"இனிமே யாரும் உள்ளே வந்து தொந்தரவு பண்ண முடியாது," என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

"நல்லது," என்றாள் மனைவி. கதவை ஒரு நிமிஷம் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் வீட்டு வேலை முடித்துவிட்டுப் பத்தரைக்குக் கிளம்புவாள். தங்கையோடு பேசும்போது தவிர சத்தம் போடாதவள். வீட்டுக்குள் அவள் நடப்பதே தெரியாது.

செவ்வாய்க்கிழமை ஓவியருக்குப் புதுச் சந்தேகம் வந்தது.

"ஏம்மா, ஜட்ஜுக்கு வால்ல ஏதாவது அடிபட்டிருக்குமோ?"

"காலையில எனக்கு நல்லாத்தானே ஆட்டிச்சு?"

"அது சோத்துக்கு ஆட்டினது. நான் கேக்கறது வேற."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு நாயின் கழுத்துப் பட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். "வாங்க, டாக்டர்கிட்டயே காட்டிடலாம்."

கால்நடை மருத்துவரிடம் போனால், அங்கே அந்த வால் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. மருத்துவரைப் பார்த்து ஆடியது. ஊசி போட வந்தவரைப் பார்த்து ஆடியது. காத்திருந்த ஒரு பூனைக்கூடையைப் பார்த்து ஆடியது. எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினால் முள் ஓர் இடத்தில் நிற்காமல் தவித்தது.

"வால்ல ஒரு குறையும் இல்லை," என்றார் மருத்துவர்.

"ஆனா என் படத்துக்கு ஆட மாட்டேங்குது டாக்டர்."

மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். பிறகு அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"சார், நான் நாய் டாக்டர். படத்துக்கு வைத்தியம் பண்ற டாக்டரை எனக்குத் தெரியாது."

"அப்ப படத்துலதான் கோளாறுங்கறீங்க?"

"நான் ஒண்ணுமே சொல்லலை சார்!"

ஆனால் ஓவியர் அதற்குள் தீர்மானித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு தாளை எடுத்தார். இந்த முறை வானவில்.

புதன்கிழமை நிலைமை மோசமானது. ஜட்ஜ் தன் இடத்தில் படுக்கவேயில்லை. மூடிய கதவடியில் போய் உட்கார்ந்துகொண்டு, கீழ் இடுக்கில் மூக்கை வைத்து முகர்ந்தது. முனகியது. முன்னங்காலால் கதவைப் பிராண்டியது.

ஓவியர் தூரிகையைக் கீழே வைத்தார். "பார்க்கவே பிடிக்காம வெளியே ஓடணும்னு பார்க்கறியாடா? அவ்வளவு மோசமாவா இருக்கு?"

ஜட்ஜ் திரும்பி அவரைப் பார்த்துவிட்டு மறுபடி கதவைப் பார்த்தது.

அப்போது எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "தம்பி!"

இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஒரு சந்துதான். எதிர்வீட்டு டீச்சரின் சமையலறை ஜன்னலும் இவருடைய ஜன்னலும் நேருக்கு நேர். ஓய்வு பெற்ற டீச்சர். காய் நறுக்குவது, கீரை ஆய்வது எல்லாம் அந்த ஜன்னலோரத்தில்தான். அங்கே உட்கார்ந்தால் இவருடைய அறை மேசையிலிருந்து வாசல்வரை முழுசாகத் தெரியும். டீச்சர் அதை ஒளித்ததும் கிடையாது. "டிவியைவிட உங்க வீடு தேவலை," என்பார்.

"தம்பி, நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே? அந்தக் கதவு இருக்கே..."

"டொப் டொப்புன்னு சத்தம் வருதா டீச்சர்? மன்னிச்சுக்குங்க. ரப்பர் ஒட்டச் சொல்றேன்."

"சத்தம் இல்லைங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"அவசர வேலை டீச்சர், அப்புறம் பேசறேன்," என்று ஓவியர் ஜன்னலையும் சாத்தினார். இப்போது எந்தச் சத்தமும் இல்லை. எந்த வெளிச்சமும் இல்லை. விளக்கைப் போட்டுக்கொண்டார். மஞ்சள் வெளிச்சத்தில் வானவில்லின் நிறமெல்லாம் குழம்பிப் போனது.

ஒருவேளை படம் அதற்குச் சரியாகத் தெரியவில்லையோ? பதிப்பாளர் அன்று சொன்னது நினைவுக்கு வந்தது. படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தரையில் மண்டிபோட்டு, நாயின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நல்லா பாரு. இதுதான் பொண்ணு. இதுதான் வீடு."

ஜட்ஜ் பார்த்தது. மரியாதைக்காக ஒருமுறை முகர்ந்தது. பிறகு, இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்ட எதையும் செய்வதைப் போலவே, பாசமாக ஒரு நக்கு நக்கியது. சிறுமியின் முகம் குடையோடு கலந்து, வானவில்லைத் தாண்டி, காகத்தில் போய் முடிந்தது.

சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்தபோது ஓவியர் இன்னொரு தாளில் இன்னொரு படத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அதில் சிறுமி, குடை, தவளை, விளக்கு, காகங்கள், வானவில், சைக்கிளில் ஒரு தபால்காரர், தபால்காரரைத் துரத்தும் ஒரு வாத்து எல்லாம் இருந்தன. வாசலும் வெளிச்சமும் தபால்காரரின் பைக்குப் பின்னால் எங்கோ இருந்தன.

"எப்படி இருக்கு?" என்றார். வேறு யாரையும் கேட்க முடியாத நிலையில்தான் கேட்டார்.

மனைவி கைப்பையைக்கூடக் கழற்றாமல் பார்த்தாள். தபால்காரரைப் பார்த்தாள். வாத்தைப் பார்த்தாள்.

"நல்லாயிருக்கு," என்றாள்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. கல்யாணமான புதிதில் அவர் ஒரு குதிரை வரைந்து காட்டி இதே கேள்வியைக் கேட்டார். அவளும் வெள்ளந்தியாக, "பாவம், முழங்கால் வலியா அதுக்கு?" என்றாள். ஓவியர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதன் பிறகு வாழ்க்கையில் குதிரையே வரையவில்லை. ஒரு ராஜா கதைக்குப் படம் போட்டபோதுகூட, ராஜா புத்தகம் முழுக்க நடந்தே போனார். அன்றிலிருந்து அவர் எதைக் காட்டினாலும் மனைவிக்கு 'நல்லாயிருக்கு'தான்.

"நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு!" ஓவியருக்கு மூன்று நாள் ஆற்றாமையும் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு எதுதான் நல்லாயில்லை? உங்கிட்ட போய்க் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். கருத்து சொல்றதுன்னா அந்த நாய் மாதிரி சொல்லணும். பிடிச்சா பிடிச்சது, பிடிக்கலைன்னா பிடிக்கலை. அதுக்கு இருக்கற ரசனை இந்த வீட்ல வேற யாருக்கு இருக்கு?"

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

மனைவி கோபப்படவில்லை. அவள் முகத்தில் வந்தது கோபமா, வருத்தமா, அடக்கிய சிரிப்பா என்று அவருக்குப் புரியவில்லை. "சரிதான். அதுக்கு நல்ல ரசனை," என்று மட்டும் சொன்னாள். குப்பைக்கூடையைக் கொட்டுவதற்காக அவருடைய அறைக்குள் போனாள். அவளுக்குப் பின்னால் கதவு டொப்பென்று சாத்திக்கொண்டது. வெளியே வர அவளுக்கு வெகு நேரமானது.

மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். கையில் நீளமாக எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். குடையாக இருக்கும் என்று நினைத்தார். வானம் பளிச்சென்று இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

வியாழன் முழுக்க அவர் வரைந்தவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பதே நல்லது. ஒன்றில் யானை இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஓவியர் தோற்றுவிட்டார்.

முதலில் ஜட்ஜுக்கு விடுதலை கொடுத்தார். கதவை விரியத் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தார். "போடா. உன்னை அடைச்சு வச்சுப் படம் காட்டினது என் தப்பு." ஜன்னலையும் திறந்தார். எதிரே டீச்சர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். தலையாட்டினார். ஓவியரும் வெறுமையாகத் தலையாட்டினார்.

ஆச்சரியம், ஜட்ஜ் எங்கும் போகவில்லை. திறந்த கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகப் பீரோவுக்குப் பக்கத்தில் தன் பழைய இடத்துக்கே வந்து படுத்துக்கொண்டது.

ஓவியர் மேசையைத் துடைத்து, ஒரு வெற்றுத் தாளை விரித்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு கோடுகூட வரவில்லை. தொலைபேசியை எடுத்தார்.

"அந்தப் பக்கத்தைச் சுருள்முடிகிட்டயே கொடுத்துடுங்கம்மா," என்றார். "என்னால முடியலை. கன்னம் மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடச் சொல்லுங்க."

"எந்தப் பக்கம் சார்?" என்றார் பதிப்பாளர்.

"கடைசிப் பக்கம்தான்."

"என்ன சார் விளையாடறீங்க? அது நேத்திக்கே வந்துடுச்சே! உங்க வீட்டம்மா கடைக்குப் போற வழியில கொடுத்துட்டுப் போனாங்களே?"

"என்ன படம்?" ஓவியர் பதறினார். "வாத்து இருக்கறதா?"

"வாத்தா? மழை, அந்தப் பொண்ணு, கொஞ்சமா திறந்த கதவு, படியில ஒரு கீத்து வெளிச்சம். சார், சத்தியமா சொல்றேன், ஆபீஸ்ல ஒருத்தரும் பேசலை. எங்க கணக்கர்கூடக் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அவர் எதுக்கும் அசையற ஆள் இல்லை. தாள் கொஞ்சம் கசங்கியிருந்துச்சு. அந்தச் சுருக்கம்கூட மழை மாதிரியே இருக்கு, அப்படியே விட்டுட்டோம். உங்க படத்துலேயே இதுதான் சார் படம்."

ஓவியர் தொலைபேசியை வைத்தார். குப்பைக்கூடையைப் பார்த்தார். வியாழக்கிழமைத் தாள்கள் மட்டும் கிடந்தன. அதற்கு முன்னால் போட்டதையெல்லாம் அவள் புதன்கிழமையே கொட்டிவிட்டாள். கொட்டுவதற்கு முன் ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்திருக்கிறாள்! அத்தனையிலும் சரியாக அந்த ஒன்றை எடுத்திருக்கிறாள்!

"குருட்டாம்போக்கு," என்று முணுமுணுத்தார். ஆனால் நெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை. தவளை, காகம், வானவில், இத்தனைக்கும் நடுவில் அதை மட்டும் எடுக்க எப்படித் தோன்றியது?

நாற்காலியைத் திருப்பி நாயைப் பார்த்து உட்கார்ந்தார். "நீ ஒத்துக்கவே இல்லையேடா? கொட்டாவிதானே விட்டே? எப்படிடா உனக்குத் தப்புச்சு?"

ஜட்ஜ் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. திடீரென்று அதன் காதுகள் நிமிர்ந்தன. பார்வை கொஞ்சம், ஒரு விரற்கடை அளவு, அவருடைய தோளுக்கு மேலே நகர்ந்தது.

டங்.

ஓவியர் துள்ளி எழுந்தார்.

டங், டங், டங். பீரோ அதிர்ந்தது. அதன் மேலிருந்த வண்ணக்குப்பிகள் குதித்தன. அந்த வால் அப்படி ஆடி அவர் பார்த்ததே இல்லை.

அவர் அவசரமாக மேசையைப் பார்த்தார். வெற்றுத் தாள். ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை. தாளைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பக்கமும் வெள்ளை.

"என்னடா இது? ஒண்ணுமே வரையலையேடா! வெறும் தாளுக்கா வாலாட்டறே?" ஜன்னல் பக்கம் திரும்பி, கையில் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பரிதாபமாகக் கத்தினார். "டீச்சர்! நீங்களே பாருங்க! இதுக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சா, எனக்கா? இந்தத் தாள்ல அப்படி என்னதான் இருக்கு?"

எதிர்வீட்டு டீச்சர் கையிலிருந்த பட்டாணியைத் தட்டில் போட்டார்.

"தாளைக் கீழே வச்சுட்டுப் பின்னாடி திரும்பிப் பாருங்க தம்பி, இத்தனை வருஷமா வாசல்ல நின்னு உங்க படத்தைப் பார்க்கறது உங்க வீட்டம்மாதான், அவங்க சிரிச்சாத்தான் அது வாலாட்டும்!"